சபைத் தேர்தல் வழக்கும் மகளின் சாதிச் சான்றிதழும்

மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு தகப்பனார் வக்கீலான எனக்கு நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவர்களுடையது தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) தமிழ்ச் சபை. கமிட்டித் தேர்தலில் இவர் ஆட்கள் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு எதிர்க் கோஷ்டி ஜெயித்துவிட்டது. அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கைக் கேட்ட கோபத்தில், மகளின் கல்யாண ஓலையை, அதாவது சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பை, வாசிக்க முடியாது என்கிறார் போதகர். மகள் கேரளப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) கிளார்க் ரேங்க் லிஸ்டில் எஸ்.சி. ஒதுக்கீட்டில் இருக்கிறார். தாசில்தார் கொடுத்த சான்றிதழில் மதம் இந்து. இப்போது சபைச் செயலாளர், குடும்பப் பதிவேட்டின் ஜெராக்ஸை வைத்து 'இவர்கள் கிறிஸ்தவர்கள்' என்று தாசில்தாருக்கு மனு அனுப்பிவிட்டார். "தேர்தலை ரத்து செய்யணும், செயலாளர் மேல் மானநஷ்ட வழக்கு போடணும், பதிவேட்டை யாருக்கும் காட்டக் கூடாதுன்னு தடை வாங்கணும். தேவிகுளம் எம்.எல்.ஏ. வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே நம்ம பக்கம்தானே ஐயா?" என்று கேட்கிறார்.

ஏலக் கணக்கு, போதகரின் பாரபட்சம், முப்பது வருடம் சபைக்கு உழைத்ததற்குக் கிடைத்த மரியாதை எல்லாம் படித்தேன். எதுவும் உங்களைக் காப்பாற்றப் போவதில்லை. சட்டம் பார்க்கப் போகும் கேள்வி ஒன்றே ஒன்று: சான்றிதழ் வாங்கிய நாளில் உங்கள் மகள் எந்த மதத்தைக் கடைப்பிடித்தார்? 1950-ஆம் வருடப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்திப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார்கள். அது நியாயமா என்ற வழக்கு 2004-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. வேலைக்குப் பரிந்துரைக்கும் பி.எஸ்.சி.யின் அட்வைஸ் மெமோ அதுவரை காத்திருக்காது.

இனி நீங்கள் போட நினைக்கும் வழக்கைப் பாருங்கள். தேர்தலை எதிர்க்க வேண்டுமானால், 'நான் இந்தச் சபையின் திருவிருந்து எடுக்கும் முழு அங்கத்தினன், என் குடும்பத்தாரும் அப்படியே' என்றுதான் மனுவைத் தொடங்க வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் வழக்குப் போட உங்களுக்கு அருகதை இல்லை. சொன்னால், மகளுக்கு எதிராகச் செயலாளர் தேடிக்கொண்டிருக்கும் சாட்சியை நீங்களே சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக் கொடுத்ததாகிவிடும். கூண்டில் ஏறியதும் எதிர்த் தரப்பு வக்கீல் கணக்கைப் பற்றிக் கேட்க மாட்டார். "மகள் திடப்படுத்தல் எடுத்தாரா? எந்த வருஷம்?" என்றுதான் கேட்பார். திடப்படுத்தல் என்றால், வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டுச் சபையில் உறுதிப்படுவது. ஆமாம் என்றால் சான்றிதழ் போயிற்று. இல்லை என்றால் பொய்ச் சாட்சி.

மானநஷ்டமும் அப்படித்தான். அதிகாரம் உள்ள அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்த புகாருக்குச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. செயலாளர் மனதில் இருந்தது நல்லெண்ணமா தேர்தல் பகையா என்று நீங்கள் வாதாடலாம். வாதாடி முடிப்பதற்குள் அந்த ஜெராக்ஸ் கோர்ட் ஆவணமாக எண் போட்டு உட்கார்ந்துவிடும். பதிவேட்டைக் காட்டக் கூடாது என்ற தடை கிடைக்கவே கிடைக்காது. அரசு விசாரணைக்கு வேண்டிய ஆவணத்தை மறைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது.

அப்புறம் அந்த எம்.எல்.ஏ. வழக்கு. எஸ்டேட்டில் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், டீக்கடையில்கூட. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் ஏ. ராஜா ஜெயித்தார். அவர் கிறிஸ்தவர் என்று சொல்லித் தோற்ற வேட்பாளர் தேர்தல் மனு போட்டார். குண்டளை எஸ்டேட் சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பதிவேடுகள்தான் அந்த வழக்கின் நடுநாயகம். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீங்கள் படித்தது இவ்வளவுதான். அது தேர்தல் மனு. அங்கே நிரூபிக்கும் பாரம் மனு போட்டவர் தலையில். உங்கள் மகள் விஷயம் போகப்போவது 1996-ஆம் வருடக் கேரளச் சாதிச் சான்றிதழ் சட்டத்தின்படி, சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஸ்க்ரூட்டினி கமிட்டிக்கு. அங்கே பாரம் சான்றிதழ் வைத்திருப்பவர் தலையில். செயலாளர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் மகள்தான் நிரூபிக்க வேண்டும். அந்தத் தீர்ப்பை நம்பி இறங்குவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மருந்துச் சீட்டில் நாம் மாத்திரை வாங்குவது போல.

உங்களுக்கு நெருக்கமான தீர்ப்பு 2024 நவம்பரில் வந்த செல்வராணி வழக்கு. புதுச்சேரிப் பெண். அப்பா இந்து, அம்மா கிறிஸ்தவர், மூன்று மாதம் ஆவதற்குள் ஞானஸ்நானம். கிளார்க் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். குழந்தைக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தை வைத்து மட்டும் அந்த வழக்கு தோற்கவில்லை. தொடர்ந்து ஆலயத்துக்குப் போய்க்கொண்டே, வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியலமைப்பின் மேல் செய்யும் மோசடி என்றது நீதிமன்றம். உங்கள் மகள் பத்தாம் வகுப்பில் திடப்படுத்தல் எடுத்ததையும், பாடகர் குழுவில் இருப்பதையும் நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் இல்லாதிருந்தால் சண்டை போட்டுப் பார்க்கலாம் என்றிருப்பேன்.

"தாய் மதம் திரும்பிவிட்டோம் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால்?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கேரளத்திலிருந்து போன கே.பி. மனு வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்தது உண்மை. பூர்வ சாதிக்கு ஆதாரம் வேண்டும், உண்மையிலேயே திரும்பியிருக்க வேண்டும், அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையில் அந்த சர்டிபிகேட், மறு கையில் சபையில் கல்யாண ஓலை என்று போய் நின்றால் என்ன ஆகும்? போதகர் ஓலை வாசிக்காததை அவமானம் என்கிறீர்கள். வாசித்திருந்தால் கோப்பில் இன்னொரு தாள் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். "பழைய பதிவேட்டில் எங்கள் பெயரைச் சரி செய்து தர ஒரு மூப்பர் தயாராக இருக்கிறார்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான். தொடவே தொடாதீர்கள். பீர்மேடு பக்கத்துக் கட்சிக்காரர் ஒருவர் என்னிடம் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டார். பழுப்பேறிய பக்கத்தில் மற்ற வரிகளெல்லாம் தொட்டெழுதும் பேனா மை. அவர் வரியில் மட்டும் நீல பால்பாயிண்ட். பிள்ளையின் பெயருக்கு எதிரே திருவிருந்துக் கட்டத்தில் பிளேடால் சுரண்டி, தாள் வெளிச்சத்தில் ஓட்டையாகத் தெரிந்தது. சான்றிதழ் பறிபோவதோடு நின்றிருக்க வேண்டிய விஷயம் போலீஸ் வழக்காகிவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் 466-வது பிரிவு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருந்தது. தண்டனை ஏழு வருடம் வரை. 2024 ஜூலைக்குப் பிறகு புதுச் சட்டம் வந்திருக்கிறது என்பதால் யாரும் தப்பிவிட மாட்டார்கள். அதுவும் நீங்கள் திருத்துவதற்கு முன்பே ஜெராக்ஸ் தாசில்தார் மேஜைக்குப் போய்விட்டது. அசலும் நகலும் பொருந்தாவிட்டால் யார் மாட்டுவார்?

இன்னொரு வாசலும் திறக்கும். ஸ்க்ரூட்டினி கமிட்டி விசாரணை வந்தால் மதத்தோடு நிற்காது. சாதி, பழங்குடி ஆய்வு செய்யும் அரசு நிறுவனமான கோழிக்கோடு கிர்த்தாட்ஸிலிருந்து ஆள் வந்து, பட்டியல் சாதிகள் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10 அன்று உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்தது என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் எஸ்.சி. என்பதால் கேரளத்திலும் எஸ்.சி. ஆகிவிட முடியாது. சங்கரன்கோவில் பக்கமிருந்து தாத்தா எந்த வருடம் மலையேறினார் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் பதிவு) தாளோ லயத்து (எஸ்டேட் குடியிருப்பு) ஆவணமோ இல்லையென்றால், உங்கள் அண்ணன் தம்பி பிள்ளைகளின் சான்றிதழ்களும் சேர்ந்து மேஜைக்கு வரும்.

ஆகவே சமாதானமாகப் போங்கள். சபைக் கமிட்டியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் 'மனுவை வாபஸ் வாங்கினால் நாங்கள் வழக்குப் போட மாட்டோம்' என்று எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைக்கு மதிப்பில்லை. பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது. மனு போன பிறகு விசாரணை தாசில்தாருடையது, செயலாளருடையது அல்ல.

மகளுக்கு நான் சொல்வது, அட்வைஸ் மெமோ வருவதற்கு முன் எஸ்.சி. உரிமையை எழுத்தில் கைவிடுவது. வேலையில் சேர்ந்த பின் பொய்ச் சான்றிதழ் என்று முடிவானால், நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்று சொல்லி வேலையைக் காப்பாற்ற முடியாது. 2017-லேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது. கேரள அரசு வேலையில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவர் ஆனவர்களுக்கென்று தனியாக 1 சதவீதம் இருக்கிறது. எஸ்.சி.யின் 8 சதவீதத்தோடு பார்த்தால் சின்ன வாசல்தான், இருந்தாலும் பயமில்லாமல் நுழையலாம். படிப்புச் சலுகையிலும் இவர்கள் ஓ.இ.சி. (இதர தகுதியுள்ள சமூகங்கள்) பட்டியலில் வருகிறார்கள், அதனால் கல்லூரியில் வாங்கிய சலுகைப் பணத்தைத் திருப்பிக் கேட்டால் வாதாட இடம் உண்டு. இந்த லிஸ்டிலேயே மாற முடியுமா, அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டுமா என்பதை விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதுவரை வில்லேஜ் ஆபீஸில் கூப்பிட்டு வாக்குமூலம் கேட்டால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். மனுவின் நகலைக் கேளுங்கள், பதில் தர நாள் கேளுங்கள். என்னிடம் வரும்போது மகளையும் கூட்டி வாருங்கள், பதில் அவர் பெயரில்தான் போக வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவின் நகல், பி.எஸ்.சி. விண்ணப்பத்தின் பிரிண்ட், உங்கள் அப்பா வேலைக்குச் சேர்ந்த எஸ்டேட் தாள் இருந்தால் அது, இவ்வளவு போதும். ஏலக் கணக்கு நோட்டு வேண்டாம்.