டிஎஸ்ஜியா, மேனுவலா? பழைய ஹாட் ஹேட்ச் வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 40 கி.மீ. ஓட்டுகிறேன். அதில் பாதி ஊர்ந்து போகிற நெரிசல். ஒரு ஹாட் ஹேட்ச் (சிறிய காரில் வலுவான எஞ்சின் பூட்டியது) வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை, புதியது கட்டுப்படியாகாது. இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2014 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ, ஆறு கியர் டிஎஸ்ஜி (இரண்டு கிளட்ச் வைத்த ஆட்டோமேட்டிக்), 1,05,000 கி.மீ. ஓடியது. இன்னொன்று 2015 ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, மேனுவல், 72,000 கி.மீ. விலை ஏறக்குறைய ஒன்றுதான். "மைலேஜ் எதில் கூட?" என்கிறார்கள் வீட்டில். "டிஎஸ்ஜி பக்கமே தலைவைத்துப் படுக்காதே" என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுக்கட்டும்?

பதில்: வீட்டாரின் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் காலத்து நிறுவனக் கணக்குப்படி ஃபியஸ்டா எஸ்டி 100 கி.மீ.க்கு 5.9 லிட்டர் குடிக்கும். ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ மேனுவலுக்கு 6.0, நீங்கள் பார்த்த டிஎஸ்ஜிக்கு 6.4. ஐரோப்பாவின் பழைய என்இடிசி சோதனையில் வந்த எண்கள் இவை. ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் நிறுத்தி, பூப்போல மிதித்து எடுத்தவை. சாலையில் இப்படி வராது. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி சோதித்ததால் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வித்தியாசம் 100 கி.மீ.க்கு அரை லிட்டர். வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால் 12,000 கி.மீ., அதாவது 60 லிட்டர். கோல்ஃப் டேங்க் கொள்ளும் 50 லிட்டரும் அதற்கு மேல் ஒரு பத்தும். அவ்வளவுதான் சண்டை.

அந்த 60 லிட்டரையும் உங்கள் வலது கால் சில மாதங்களிலேயே ஒன்றுமில்லாமல் செய்துவிடும். இரண்டிலும் இருப்பது டர்போ பெட்ரோல் எஞ்சின். மெல்ல மிதித்தால் சாதாரண குடும்பக் கார்போல அடக்கமாகப் போகும். ஆழ மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும், அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கொட்டும். முழு வேகத்தில் எஞ்சினின் உள்சூட்டைத் தணிக்க, எரிவதற்குத் தேவையானதை விடக் கூடுதலாகவே பெட்ரோலைத் தெளிப்பார்கள். ஹாட் ஹேட்ச் வாங்கிவிட்டு ஆழ மிதிக்காமல் இருக்க யாரால் முடியும்?

ஒன்று மட்டும் கவனியுங்கள். 2018-க்குப் பிந்தைய கார்களின் தாளில் டபிள்யூஎல்டிபி என்ற புதிய சோதனையின் எண் இருக்கும். அது சாலைக்குக் கொஞ்சம் நெருக்கமானது, ஆகவே மைலேஜ் குறைவாகத் தெரியும். 2014 காரின் எண்ணை 2019 காரின் எண்ணோடு ஒப்பிட்டு, பழையதுதான் சிக்கனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி கியர்பாக்ஸ். உங்கள் பணம் தங்குவதும் கரைவதும் இங்கேதான்.

டிஎஸ்ஜி என்பது ஒரே கியர்பாக்ஸின் பெயர் இல்லை. உங்கள் நண்பர்கள் பயப்படுவது பெரும்பாலும் ஏழு கியர் வகையைக் கேள்விப்பட்டு. அதில் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் நனையாமல் உலர்ந்தே இருக்கும். சிறிய எஞ்சின்களுக்காக வந்தது. நீங்கள் பார்த்த ஆறு கியர் வகையில் இரண்டு கிளட்ச்சும் ஆயிலில் முழுகியே சுற்றுகின்றன. நெரிசலில் காலடி காலடியாக நகரும்போது கிளட்ச் அரைகுறையாகப் பிடித்தபடி தேயும் அல்லவா, அந்தச் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். அதற்குக் கைம்மாறாக அது கேட்பது ஒன்றே: 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

பழைய கார் சந்தையில் அடிபடுவது சரியாக இந்த இடத்தில்தான். எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுவார்கள். டிஎஸ்ஜி ஆயில் செலவு கூடிய வேலை. 60,000 நெருங்கும்போது காரை விற்றுவிடத் தோன்றும். உங்கள் கோல்ஃப் 1,05,000 ஓடியிருக்கிறது. அப்படியானால் ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும், அடுத்தது 1,20,000-ல். விற்பவரிடம் "சர்வீஸ் ஹிஸ்டரி இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், இருக்கிறது என்பார். "60,000-ல் டிஎஸ்ஜி ஆயில் மாற்றிய பில்லைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பில்லில் தேதி, கி.மீ., ஆயில், ஃபில்டர் நான்கும் இருக்க வேண்டும். "மாற்றினோம், பில் எங்கேயோ போய்விட்டது" என்றால் மாற்றவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். டிஎஸ்ஜியின் நோய் சூடானபின்தான் வெளியே வரும். இருபது நிமிடமாவது ஓட்டி, அதன்பின் நெரிசலுக்குள் கொண்டுபோங்கள். நிற்கப் போகும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குகையில் பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல ஒரு குலுக்கு வருகிறதா? டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றினால் 'டக்' என்று அடிக்கிறதா? பிரேக்கை விட்டதும் கார் தானாக ஊரத் தொடங்கும்போது நடுங்குகிறதா? ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், கிளட்ச்சின் நிலைமையை அது மறைக்காமல் சொல்லிவிடும். இவற்றில் ஒன்று இருந்தாலும் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள். கிளட்ச் மட்டும் போனால் சமாளிக்கலாம். மெக்கட்ரானிக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து போனால் காரின் மதிப்பில் கணிசமான பங்கு பழுதுக்கே போய்விடும்.

ஃபியஸ்டா எஸ்டி மேனுவலில் மட்டுமே வந்தது. அங்கே சோதனை எளிது. நாலாவது கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறி, வேகம் கூடாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்குச் சட்டென்று மாற்றுங்கள்; நறநறத்தால் கியர்களை உரசாமல் இணைக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. எஞ்சினை அணைக்கும் கணத்தில் அடியிலிருந்து கடகடவென்று கேட்டால் ட்யூவல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சினின் அதிர்வை அடக்கும் கனத்த சக்கரம்) மீது சந்தேகப்படுங்கள். கிளட்ச் மாற்றும்போது அதையும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள், செலவு இரட்டிப்பாகும். இன்னொன்று, இந்த 1.6 எஞ்சினுக்குக் கூலன்ட் குறைந்து அதிகமாகச் சூடாகும் பிரச்சினைக்காக 2017-ல் அமெரிக்காவில் ரீகால் நடந்தது. கூலன்ட் டப்பாவைத் திறந்து அளவைப் பாருங்கள், புதிதாக ஊற்றிய அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்தக் காரானாலும் முதல் ஸ்டார்ட் உங்கள் முன்னால்தான் நடக்க வேண்டும். போன வருடம் நண்பர் ஒருவருக்காக ஒரு கார் பார்க்கப் போனேன். காலை ஏழு மணி. பேச்சுக் கொடுத்தபடியே பானெட் மேல் கை வைத்தேன். தோசைக்கல் அளவுக்கு இல்லை, வெதுவெதுப்பு. "இப்பதான் சார் வாட்டர் வாஷ் பண்ணிட்டு வந்தேன்" என்றார். நல்ல கார்தான், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை முன்னறிவிப்பு இல்லாமல் போய் நின்றோம். ஸ்டார்ட் செய்ததும் மூன்று விநாடி, தகர டப்பாவில் ஆணி குலுக்கிய மாதிரி ஒரு சத்தம். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின். முந்தின நாள் சூட்டில் அந்தச் சத்தம் மறைந்திருந்தது.

சரி, எதை எடுப்பது? பாதி நெரிசல் என்கிறீர்கள். பில் கையில் இருந்து, மேலே சொன்ன சோதனையிலும் தேறினால் கோல்ஃபை எடுங்கள். 1,20,000 வரை காத்திருக்காமல் வாங்கிய வாரமே டிஎஸ்ஜி ஆயிலை மாற்றிவிடுங்கள். பில் இல்லையென்றால் ஃபியஸ்டா. அதை ஓட்டும் சுகமே தனி, ஆனால் சஸ்பென்ஷன் கடினம். வீட்டில் மைலேஜ் கேட்டவர்களைப் பின்சீட்டில் ஒருமுறை உட்காரவைத்து, மேடு பள்ளத்தில் ஓட்டிக் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: 2011 போலோ ஜிடிஐ மலிவாகக் கிடைக்கிறது. 1.4 எஞ்சின்தானே, மைலேஜ் கூடும் அல்லவா?

பதில்: மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அந்த 1.4 எஞ்சினில் சூப்பர்சார்ஜர், டர்போ இரண்டையும் பூட்டி 180 குதிரைத்திறன் கறந்தார்கள். ஆயில் குடிப்பதில் பெயர் வாங்கிய எஞ்சின். அதோடு வந்ததோ, மேலே சொன்ன ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி மட்டுமே, மேனுவல் கிடையாது. பெட்ரோலில் மிச்சம் பிடித்ததை எஞ்சின் ஆயிலில் விடுவீர்கள்.

போலோதான் வேண்டும் என்றால் 2015 வாக்கில் வந்த 1.8 எஞ்சின் காரைத் தேடுங்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. மேனுவல், டிஎஸ்ஜி இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே, 192 குதிரைத்திறனும் ஒன்றே. ஆனால் மேனுவலில் டார்க் (எஞ்சினின் சுழற்றும் விசை) 320 நியூட்டன் மீட்டர், டிஎஸ்ஜியில் 250. அந்த உலர் கிளட்ச் 250-க்கு மேல் தாங்காது என்பதால் எஞ்சினின் வாயைக் கட்டிவிட்டார்கள். செய்த நிறுவனமே தன் கியர்பாக்ஸைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. மேனுவலை வாங்குங்கள்.

கேள்வி: விற்பவர் லிட்டருக்கு 18 கி.மீ. கொடுக்கும் என்று அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கொடுக்கும், இறக்கத்தில்.

விளையாட்டு போகட்டும். டேஷ்போர்டில் நீண்டகாலச் சராசரி என்று ஒன்று இருக்கும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதைத் திறந்து பாருங்கள். பக்கத்திலேயே சராசரி வேகமும் இருக்கும், அதையும் சேர்த்துப் படியுங்கள். மணிக்கு 80 கி.மீ. சராசரியில் வந்த மைலேஜ் உங்கள் நெரிசலுக்கு உதவாது. எண் பூஜ்யமாக இருந்தால் அன்று காலைதான் அழித்திருக்கிறார்.

கேள்வி: இடது முழங்காலில் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. டூயல் கிளட்ச் தலைவலியும் வேண்டாம். அப்படி ஒரு ஹாட் ஹேட்ச் உண்டா?

பதில்: 2017-ல் வந்த சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைப் பாருங்கள். 1.4 டர்போ, மேனுவலோடு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் (ஆயில் வழியாக விசையைக் கடத்தும்) ஆட்டோமேட்டிக்கும் சில சந்தைகளில் வந்தது. கியர் மாற்றத்தில் டிஎஸ்ஜியின் சுறுசுறுப்பு இருக்காது, ஆனால் நெரிசலில் ஊர்வதற்கென்றே பிறந்த கியர்பாக்ஸ். ஜப்பானிய மேனுவல் காரின் எடையே 970 கிலோதான். ஆட்டோமேட்டிக் அதைவிடச் சற்றுக் கூடும், அவ்வளவே. மைலேஜுக்கு எடைக் குறைவை விடப் பெரிய மருந்து கிடையாது. இதற்கு முந்தைய தலைமுறையில் சில நாடுகளில் சிவிடி (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) விற்றார்கள், அது ஹாட் ஹேட்ச்சின் துள்ளலையே கொன்றுவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது) செய்த கார், "இப்போது திரும்ப ஒரிஜினல் ஆக்கிவிட்டேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: மென்பொருளைப் பழையபடி ஆக்கலாம், தேய்ந்த கிளட்ச்சை ஆக்க முடியாது. நான் வாங்க மாட்டேன். நீங்கள் பிடிவாதமாக இருந்தால் காரின் கணினியைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனரோடு போங்கள். எரர் கோட் இல்லை என்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல் ரெடினெஸ் பக்கத்தைத் திறங்கள். காரின் சுய சோதனைகளில் பல 'இன்னும் முடியவில்லை' என்று காட்டினால், யாரோ சமீபத்தில் எரர் கோடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படியானால் காரை அவரையே ஒரு வாரம் ஓட்டச் சொல்லிவிட்டு, மறுபடி போய் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள்.