வாசகர் கேள்வி: வீட்டில் கடைசிச் சொல் யாருடையது?

எல்லையோர ஊர்களிலிருந்து வந்த மூன்று கடிதங்கள் ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழுக்கு அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்கள் மதத்தையும் அமைப்பின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார்கள், இரண்டையும் நீக்கிவிட்டேன். மூன்றிலும் பேசப்படுபவை மூன்று வெவ்வேறு மதங்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இப்படியெல்லாம் அடுத்தவர் மதத்தில்தான் நடக்கும் என்று நினைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது.

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். என் கணவர் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஐந்து வருடங்களுக்கு முன்பு வரை ஷிப்ட் முடிந்தால் கள்ளுக்கடைக்குப் போய்விட்டுத்தான் வீடு திரும்புவார். பொள்ளாச்சிப் பக்கம் நடக்கும் ஒரு வழிபாட்டுக் கூட்டத்துக்கு அவரை முதன்முதலில் அழைத்துப் போனதே நான்தான். மூன்றே மாதத்தில் குடியை விட்டார். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்று ஆரம்பித்த காணிக்கை இன்று மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. சனிக்கிழமை இரவு முழுவதும் கூட்டம், எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய மகள் ஞாயிற்றுக்கிழமை டியூஷனில் தூங்கி விழுகிறாள். என் அம்மா இறந்தபோது, கூட்டத்தில் சேராதவர்கள் வீட்டுச் சாவுக்குப் பிள்ளைகள் போகக் கூடாது என்று அங்குள்ள மூத்தவர் சொல்லிவிட்டதால், பேத்தி பாட்டியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. எட்டு வயது மகனுக்கு வலிப்பு உண்டு. நாற்பது நாள் நோன்பு முடியும்வரை மாத்திரை வேண்டாம் என்கிறார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்து, வீட்டில் பெற்றோரிடம் கண்ட குறைகளை வாரா வாரம் எழுதி வரச் சொல்கிறார்கள். போன வாரம் என் மகனின் நோட்டில், "அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் எனக்கு மாத்திரை கொடுத்தாள்" என்று இருந்தது. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மாத்திரையைப் பேசிவிடுவோம். வலிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். நீங்கள் ஒளித்துக் கொடுத்தது தவறு அல்ல. அந்த வீட்டில் அன்று ஒரு தாய் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள். ஆனால் இடையில் எத்தனை வேளை தவறியது என்பதை ஒளிக்காமல் இன்றே மருத்துவரிடம் சொல்லி, அவர் சொல்லும் அளவில் கொடுங்கள். வலிப்பு வந்தால் பையனை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், நம் ஊர் வழக்கப்படி கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108க்கு அழைத்துவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் கணவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி அந்த நோட்டு. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான். அதை எழுதிய பிள்ளை கோள் சொல்லவில்லை. நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அவனுக்குச் சொல்லித் தரப்பட்ட வழி அது. வீட்டில் அடி விழுந்தாலும் பசித்தாலும் ஓடிப்போய் ஒண்டிக்கொள்ள ஒரு மடி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் குழந்தை வளர்கிறது. அந்த மடியையே கண்காணிக்கும் வேலையை எட்டு வயதில் அவனிடம் கொடுத்துவிட்டால், அவன் யாரிடம் போவான்? உங்கள் கணவருக்கும் அப்படி ஒரு நோட்டு இருக்கும் என்றே ஊகிக்கிறேன். இத்தகைய குழுக்களில் நடப்பது வழிபாடு கூடிப்போவது மட்டும் அல்ல. மருந்து கொடுப்பதா, சாவுக்குப் போவதா, சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு என்பவற்றையெல்லாம் மூத்தவர் ஒருவர் முடிவு செய்யத் தொடங்கியதும், தகப்பன் தகப்பனாக இருப்பதில்லை. அந்த மூத்தவருக்கு அவரும் ஒரு பிள்ளையாகிவிடுகிறார், வீட்டிலேயே மூத்த பிள்ளை. அவரும் திட்டுக்கு அஞ்சுகிறார், அவரும் பாராட்டுக்கு ஏங்குகிறார், தம் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பது தமக்குக் கிடைக்கும் மதிப்பெண் என்று நினைக்கிறார். அதனால்தான் மகள் களைத்துப்போயிருப்பது அவர் கண்ணில் படாமல், அவள் கூட்டத்தில் தூங்கியது மட்டும் படுகிறது.

அவர் குடியை விட்டதை நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு மதிக்கிறேன், ஏனெனில் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் கள்ளுக்கடை எத்தனை வீட்டுச் சம்பளத்தை விழுங்கியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டம் அவரை மீட்டது உண்மை. ஆனால் விடுவித்ததற்கான நன்றிக்கடனை வட்டியோடு வசூலித்துக்கொண்டே இருப்பது எந்த ஆன்மிகம் என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடம் பேசும்போது இதை மறுக்காதீர்கள். "அங்கே போனதால்தான் நீங்கள் எங்களுக்குக் கிடைத்தீர்கள், கிடைத்தவரை எங்களுக்குக் கொஞ்சம் தாருங்கள்" என்று ஆரம்பியுங்கள். மூத்தவரையும் கொள்கையையும் குறை சொன்னால், நீங்கள் எதிரணி என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டிருக்கும் எச்சரிக்கையை நீங்களே மெய்ப்பிப்பீர்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் கேட்காமல் ஒன்றைக் கேளுங்கள்: தேர்வு முடியும்வரை மகள் சனிக்கிழமை இரவு வீட்டில் தூங்கட்டும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் அது நல்ல அடையாளம். கேட்டுச் சொல்கிறேன் என்றால், யாரைக் கேட்டு என்று மெல்லக் கேளுங்கள்.

பாட்டியின் சாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மாநிலத்துக் காலடியில் பிறந்த சங்கரரைப் பற்றி வழங்கும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஆற்றில் முதலை காலைக் கவ்வியபோது துறவுக்குத் தாயின் சம்மதத்தைப் பெற்றவர், அவளுடைய கடைசிக் காலத்தில் வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார், துறவி ஈமக்கடன் செய்யக் கூடாது என்று ஊரார் தடுத்தும் வந்து செய்தார். உலகையே துறந்தவருக்கு விதியை மீற அனுமதித்த மரபு நம்முடையது. சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்களின் பிள்ளைகளுக்கு அதைவிடக் கடுமையான துறவு எதற்கு? மகளைத் தாய்மாமன் வீட்டுக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். பாட்டியின் படத்துக்கு முன்னால் அவள் அழ வேண்டிய அழுகை பாக்கியிருக்கிறது. அந்த வீட்டோடு போக்குவரத்து அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம், ஏனென்றால் நாளை எதுவானாலும் நீங்கள் மூவரும் போய் இறங்க ஒரு திண்ணை வேண்டும்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், வழக்குப் போடத் தூண்டுவதற்காக அல்ல. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தரும் மத உரிமையே பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வி வந்தால் நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. உங்கள் நகையையோ வீட்டுச் சொத்தையோ உங்களுக்குத் தெரியாமல் விற்றுக் கொடுப்பது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறையாக வரலாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுக்கா சட்டப் பணிகள் குழுவில் விசாரிக்கலாம். மாத்திரையைத் தடுத்து யாராவது பையனை அழைத்துப் போக முயன்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான பஞ்சாயத்துக் குழுவான ஜாக்ரதா சமிதியும் இதற்கென்றே இருக்கிறது. இதையெல்லாம்விட முன்னால், உங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில், அதாவது பெண்கள் சுயஉதவிக் குழுவில், நம்பிக்கையான ஒருத்தியிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இது தெரிந்த ஆள் வெளியே ஒருவர்கூட இல்லாமல் இருக்கக் கூடாது.

மகனிடம் அந்த வரிக்காக ஒரு வார்த்தை கடிந்து பேச வேண்டாம். "நீ எழுதியதைப் பார்த்தேன், எனக்குக் கோபம் இல்லை, மாத்திரை உன் உடம்புக்கு வேண்டும், நாளைக்கும் கொடுப்பேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: பீர்மேட்டில் தேயிலைத் தோட்டப் பகுதிப் பள்ளி ஒன்றில் தமிழ் வழி வகுப்புக்கு ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓணத்துக்கு அத்தப்பூ போட வர மாட்டாள், மற்றவர்கள் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் மிட்டாயும் வாங்க மாட்டாள். பெற்றோர் ஒரு கண்டிப்பான சபையைச் சேர்ந்தவர்கள். மூளைச்சலவை என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நான் எங்கேயாவது புகார் செய்ய வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் வேண்டாம். 1985 ஜூலையில், உங்கள் பக்கத்து மாவட்டமான கோட்டயத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதத்தின்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் நம்பிக்கையின் காரணமாகப் பாடவில்லை, குற்றம் அவ்வளவுதான். உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்த அந்த வழக்கில், 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பின் வழியே, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. உங்கள் மாணவியின் குடும்பம் வேறு மதம் என்றாலும் பாடம் ஒன்றுதான். கண்டிப்பான நம்பிக்கை வேறு, பிள்ளையின் குரல்வளையைப் பிடிக்கும் கட்டுப்பாடு வேறு. பூக்களத்துக்கு வராததை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. அவளுக்குத் தோழி இருக்கிறாளா, கூட்டத்துக்காகப் பள்ளி நாட்களை இழக்கிறாளா, காய்ச்சலோடும் தழும்போடும் வருகிறாளா, வீட்டைப் பற்றிக் கேட்டால் மனப்பாடம் செய்ததைப் போல ஒரே பதிலைச் சொல்கிறாளா? 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, பிள்ளைக்குச் சிந்தனைச் சுதந்திரத்தையும் பெற்றோருக்கு அவளை வழிநடத்தும் உரிமையையும் ஒரே பிரிவில் சேர்த்து வைத்திருக்கிறது, அவளது முதிர்ச்சிக்கேற்ப என்ற சொல்லையும் அதோடு சேர்த்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொல் மிகவும் பொருந்தும். மேலே கேட்டவற்றில் ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால் பள்ளி கவுன்சலரிடம் போங்கள். தட்டுப்படாவிட்டால், பூப்போடும் நேரத்தில் அவளுக்கு நூலகத்தில் ஒரு வேலை கொடுங்கள், "அவள் வர மாட்டாள்" என்று வகுப்பில் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக ஆசிரியர்கள் மூளைச்சலவை என்ற சொல்லை அவள் காதுபட இன்னொரு முறை சொல்லாமல் இருப்பது நலம்.

கேள்வி: ஆந்திராவில் புத்தூரைச் சேர்ந்தவன். என் பெற்றோர் ஒரு மடத்தின் சொல்லைத் தட்டாதவர்கள். சிறுவயதில் ஏன் என்று கேட்டதற்காகவே நிறைய அடி வாங்கியிருக்கிறேன். இருபது வயதில் விலகினேன். இப்போது என் மகளுக்கு மூன்று வயது. அவளிடம் எதற்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, மனைவி திட்டுகிறாள். பேத்தியைத் தங்களோடு மடத்துக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். முடியாது என்றால் அவர்களையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, உங்கள் ஊருக்குக் கை கால் முறிந்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்கள். எலும்பு கூடிய பிறகும் கட்டை அவிழ்க்காவிட்டால் தசை சூம்பிப்போகும் என்பது உங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டே போடாமல் விட்டால் கோணலாகக் கூடும் என்பதும் தெரியும். உங்களுக்கு முதலாவது நடந்தது. அதற்குப் பயந்து நீங்கள் இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பெற்றோரின் போக்கை மூன்றாகப் பிரித்தார்: அதட்டி அடக்குகிறவர்கள், எதற்கும் விட்டுக்கொடுத்துப் போகிறவர்கள், உறுதியாக இருந்துகொண்டே காரணம் சொல்லிப் பிள்ளையின் பேச்சையும் கேட்கிறவர்கள். உங்கள் மனைவி உங்களை மூன்றாவதற்குத்தான் இழுக்கிறாள்.

பெற்றோரை முழுவதுமாக வெட்ட வேண்டாம். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரட்டும், பேத்தியை மடியில் வைத்துக் கதை சொல்லட்டும், அதில் சாமி கதையும் இருக்கட்டும். மடத்துக்கு மட்டும், நீங்களோ உங்கள் மனைவியோ கூட இல்லாமல், அனுப்பாதீர்கள். காரணம் கேட்டால், அங்கே எனக்கு விழுந்த அடி இன்னும் நினைவிருக்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் அவர்களிடம் அதை ஒருமுறையாவது சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. மகளிடம் மூன்று வேண்டாம்களை வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்: அடுப்பு, சாலை, அடுத்த குழந்தையை அடிப்பது. அவள் ஏன் என்று கேட்பாள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவள் மறந்திருந்தாலும் நீங்களே அழைத்துச் சொல்லுங்கள்.