டி4 குறைந்தாலே தைராய்டு நோயா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 10 வயது, 34 கிலோ. ரோமம் கொட்டி, எந்நேரமும் படுத்தே கிடந்தது. டி4 (தைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) குறைவு என்று ரிப்போர்ட் வந்ததால் தினமும் காலையில் தைராய்டு மாத்திரை 100 மைக்ரோகிராம் தருகிறோம். இரண்டு மாதமாகியும் மாற்றமில்லை. இப்போது நிறையத் தண்ணீர் குடிக்கிறது, வயிறும் தொங்குகிறது. மாத்திரையைக் கூட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கூட்டாதீர்கள். தைராய்டு குறைந்த நாய் மந்தமாகும், தீனி கூடாமலே எடை போடும், வாலில் ரோமம் உதிரும். ஆனால் தாகம் அதன் அறிகுறி அல்ல. தாகமும் தொங்கும் வயிறும் சேர்ந்து வந்தால், கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுவதால் வரும் குஷிங் நோயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அகோரப் பசியும் மூச்சிரைப்பும் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கார்டிசால் கூடினால் டி4 தானாக இறங்கக்கூடும். அரிப்புக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன், சல்ஃபா மருந்துகள், வேறு பெரிய நோய் எதுவானாலும் டி4-ஐ இறக்கலாம். அந்த ஒரு எண்ணை வைத்து வாழ்நாள் மாத்திரை தொடங்குவது சரியல்ல.

முதலில் தண்ணீரை அளங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தைக் கழியுங்கள். மூன்று நாள் செய்தால் போதும். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மி.லி., அதாவது இவனுக்கு 3.4 லிட்டரைத் தாண்டினால் அது இயல்பு அல்ல. விடியற்காலைச் சிறுநீரைப் பிடித்துச் சர்க்கரை, புரதம், அடர்த்தி பாருங்கள். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் இதே தாகத்தைத் தரும். காதுச் சொட்டு, தோல் களிம்பு உட்பட இதுவரை போட்ட ஸ்டீராய்டு எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டால் வந்த குஷிங்கை டெக்ஸாமெத்தசோன் பரிசோதனை காட்டாது, ஏ.சி.டி.எச். தூண்டல் பரிசோதனைதான் காட்டும். ஸ்டீராய்டு நடப்பில் இருந்தால் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

தைராய்டை உறுதிசெய்ய ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாத டி4), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இரண்டும் வேண்டும். மனிதர்களுக்கான டி.எஸ்.எச். கிட் நாய்க்கு உதவாது. லேபில் கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். மாத்திரை ஓடும்போது எடுத்தால் முடிவு குழம்பும், அதனால் மருத்துவர் சொல்லி சில வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். உண்மையாகவே தைராய்டு என்றாலும் 100 மைக்ரோகிராம் மனித அளவு. நாயின் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும், உடலும் சீக்கிரம் வெளியேற்றிவிடும். வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. 34 கிலோவுக்கு ஒரு வேளைக்கே 600-க்கு மேல் வரும், மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பிக் கேட்பார்! இதய நோயுள்ள வயதான நாய்க்கு அதில் கால் பங்கு அல்லது பாதியில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள்.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தீனிக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். கால்சியம் பவுடர், இரும்புச்சத்து டானிக் கூடவே வேண்டாம். 4 முதல் 8 வாரம் கழித்து, மாத்திரை தந்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால்தான் அளவு சரியா என்று தெரியும். சுறுசுறுப்பு இரண்டு வாரத்தில் திரும்பும், ரோமத்துக்கு மாதக்கணக்கில் ஆகும். மூச்சிரைப்பு, பரபரப்பு, எடை சரிவு தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

குஷிங் உறுதியானால் தரும் டிரைலோஸ்டேன் நேர்மாறு: தீனியோடுதான் கொடுக்க வேண்டும். அதைச் சாப்பிடும் நாய் வாந்தி எடுத்தாலோ, தீனியை மறுத்துத் துவண்டு கிடந்தாலோ அடுத்த வேளை மருந்தைத் தராமல், உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.