பொது நிர்வாக முதுகலை யாருக்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். குரூப் 4 தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்று, சென்னையில் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணிபுரிகிறேன். பி.காம். படித்தவன். பொது மேலாண்மை என்றும் சொல்லப்படும் பொது நிர்வாகத்தில் முதுகலை படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருக்கிறது. உடன் பணிபுரிவோர், "அதனால் பதவி உயர்வும் வராது, சம்பளமும் கூடாது, அந்த நேரத்தில் குரூப் 1-க்குப் படி" என்கிறார்கள். சென்ற மாதம் முதியோர் உதவித்தொகை கேட்ட ஒரு பாட்டியின் மனு, ஆதாரில் ஒரு முதலெழுத்தும் குடும்ப அட்டையில் வேறொரு முதலெழுத்தும் இருந்ததால் மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பப்பட்டது. குறிப்பு எழுதியவன் நான்தான். விதிப்படிதான் எழுதினேன் என்றாலும் மனம் ஆறவில்லை. இப்படி ஏன் நடக்கிறது என்பதை இந்தப் படிப்பு சொல்லித் தருமா? இந்த ஆண்டு பட்டப்படிப்பை முடிக்கும் என் தங்கையும், வங்கிக் கடன் வாங்கித் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பொதுக் கொள்கை படிக்கலாமா என்று கேட்கிறாள்.

பெயர் வெளியிட வேண்டாம்,
வியாசர்பாடி, சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுடன் பணிபுரிவோர் சொல்லும் தகவல்கள் சரியானவை. முதலில் அவற்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். துணை ஆட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர் போன்ற குரூப் 1 பதவிகளுக்கு ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் போதும். முதுகலை படித்தவர் என்பதற்காகத் தேர்வாணையம் ஒரு மதிப்பெண்ணும் கூட்டித் தருவதில்லை. நீங்கள் உதவியாளராக உயர்வதற்குத் தேவைப்படுபவை துறைத் தேர்வுகளும் பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கு நடக்கும் அடிப்படைப் பயிற்சியும் பணிமூப்புமே. உயர்கல்வித் தகுதிக்காக அரசு ஊழியர்களுக்கு வழங்கப்பட்டுவந்த ஊக்க ஊதிய உயர்வும் 2020-இல் நிறுத்தப்பட்டது. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் பொது நிர்வாகம் ஒரு விருப்பப் பாடமாக இருக்கிறது. எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. ஆனால் அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க அதில் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை. ஆகவே, தேர்வு ஒன்றே குறிக்கோள் என்றால் இரண்டு ஆண்டுகளை இந்தப் படிப்பில் செலவிட வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

எனினும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்தப் பாட்டியின் மனுவைப் பற்றியது. தலைமைச் செயலகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, விதிப்படி எழுதிய குறிப்புக்காக மனம் வருந்தும் ஓர் இளநிலை உதவியாளரின் கடிதம் எவ்வளவு அரிது என்று தெரியும்.

முதலெழுத்து மாறியிருந்தால் மனுவைத் திருப்ப வேண்டும் என்று உதவித்தொகைக்கான அரசாணை சொல்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். மனுதாரரின் அடையாளம் ஐயமறத் தெரிய வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஒருவருக்குத் தந்தையின் பெயரிலும் கணவரின் பெயரிலும் முதலெழுத்து இருப்பது நம் ஊரில் அன்றாடம் காண்பது. கிராம நிர்வாக அலுவலர் நேரில் விசாரித்து, இரண்டு முதலெழுத்துகளும் ஒருவருடையவையே என்று எழுதினால் தீரக்கூடியது. அதே மனு வேறொரு மேசைக்குப் போயிருந்தால் ஏற்கப்பட்டிருக்கலாம். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980-இல் விளக்கிக் காட்டியது இதைத்தான். ஆசிரியர், காவலர், நலத்திட்ட அலுவலர் என மக்களை நேரடியாகச் சந்திக்கும் ஊழியர்கள், நேரமின்மையாலும் ஆள் பற்றாக்குறையாலும் தமக்கென்று சில வழக்கங்களை உருவாக்கிக்கொள்கிறார்கள். மக்களைப் பொறுத்தவரை அந்த வழக்கங்களே அரசின் கொள்கையாகிவிடுகின்றன. நீங்கள் விதி என்று எண்ணியதில் எவ்வளவு விதி, எவ்வளவு உங்கள் அலுவலகத்தின் பழக்கம் என்று பிரித்தறியும் பயிற்சியை இந்தப் படிப்பு தரும்.

இன்னொரு காரணத்தையும் எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் நிலுவைப் பட்டியல் மேலே போகிறது. நிலுவையைக் குறைக்கச் சொல்லிக் கீழே உத்தரவு வருகிறது. மனுவை ஏற்று உதவித்தொகை வழங்கினாலும், குறைபாடு சுட்டித் திருப்பி அனுப்பினாலும் கணக்கில் இரண்டும் முடிவு செய்யப்பட்டவையாகவே சேருமானால், திருப்புவதே எளிய வழியாகிவிடும். யாரும் தீய எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. 1980-களில் பிரிட்டனும் நியூசிலாந்தும் தனியார் நிறுவனங்களின் இலக்கு, அளவீடு, போட்டி ஆகிய முறைகளை அரசு அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தன. அந்தப் போக்குக்குப் புதிய பொது மேலாண்மை என்ற பெயரை நிலைநிறுத்தியது 1991-இல் பிரிட்டிஷ் அறிஞர் கிறிஸ்டோபர் ஹுட் எழுதிய கட்டுரை. அதன் நன்மைகளையும், எதை அளக்கிறோமோ அதற்கேற்ப ஊழியர்கள் வளைந்துவிடும் அபாயத்தையும் பற்றி நடந்துவரும் நீண்ட விவாதம், உங்களிடம் வரும் கோப்புகளை நீங்கள் குறித்துவைக்கும் தன்பதிவேட்டிலேயே இருக்கிறது. மூன்று முறை திரும்பிய ஒரு மனு, கணக்கில் மூன்று மனுக்களின் தீர்வாகவும் தெரியக்கூடும்.

நன்றாக நடப்பதையும் இந்தத் துறை ஆராய வேண்டும். அதற்கு நம் ஊரிலேயே உள்ள சிறந்த சான்று, 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளின் விலையைச் சென்னையிலிருந்து ஒரே ஒப்பந்தப்புள்ளியின் மூலம் முடிவு செய்கிறார்கள். பெருமளவில் வாங்குவதால் விலை குறைகிறது. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்ற முடிவு மட்டும் மருத்துவமனையிடம் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கி, வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு பாஸ்புக் கொடுத்துவிடுகிறார்கள். மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க எடுக்க அதில் தொகை கழிகிறது. வந்திறங்கும் மருந்தின் மாதிரிகள், தயாரித்த நிறுவனம் எது என்று தெரியாதபடி குறியீடு இடப்பட்டு ஆய்வகங்களுக்குப் போகின்றன. விலை பேசும் அதிகாரம் மேலே இருந்தால் பயன் உண்டு. தேவையை அறியும் அதிகாரம் கீழே இருந்தால்தான் பயன் உண்டு. இந்தப் பகுப்பைச் சரியாகச் செய்ததே அந்த அமைப்பின் வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதேபோன்ற கழகங்களை அமைத்தன. பொது மேலாண்மை என்பது என்ன என்று யாராவது கேட்டால், நான் அந்தப் பாஸ்புக்கைத்தான் காட்டுவேன்.

வருத்தத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வகுப்பறைகள் பலவற்றில் இந்தப் பாடம், பின்னாளில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சன் 1887-இல் என்ன சொன்னார், ஜெர்மானியச் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் அதிகார அமைப்புக்கு எத்தனை இலக்கணம் வகுத்தார் என்ற குறிப்புகளாகச் சுருங்கிவிடுகிறது. அப்படிப் படித்தால் அது தேர்வுத்தாளோடு முடிந்துவிடும். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் எல்லாத் தகவலையும் சீர்தூக்கி ஆகச் சிறந்த முடிவை எடுப்பதில்லை. குறைந்த நேரத்தில், கையில் இருக்கும் தகவலைக்கொண்டு, போதும் என்று தோன்றும் இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்றார் அவர். மாலை ஐந்தே முக்காலுக்கு நடப்புக் கோப்பைப் புரட்டிக் குறிப்பு எழுதிய உங்களுக்கு அதை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இருக்காது. கல்லூரியிலிருந்து நேராக வரும் மாணவருக்கு இல்லாத அனுகூலம் இது.

இந்திய ஆட்சிப் பணி அலுவலர்களின் பயிற்சியையே பாருங்கள். முசோரியில் உள்ள லால் பகதூர் சாஸ்திரி தேசிய நிர்வாக அகாடமியில் பயிற்சியை முடிப்பவர்களுக்கு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பொது மேலாண்மையில் எம்.ஏ. பட்டம் வழங்குகிறது. அந்தப் பயிற்சியின் நடுவில் ஏறத்தாழ ஓராண்டை அவர்கள் ஒரு மாவட்டத்தில் கழிக்கிறார்கள்; அதன் பிறகு அகாடமிக்குத் திரும்பி, கண்டதை வைத்து விவாதிக்கிறார்கள். உங்களுக்கு அந்த மாவட்டம் முன்பே வாய்த்துவிட்டது, எஞ்சியிருப்பது படிப்பு.

ஆகவே படியுங்கள். வேலையை விட வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனமும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பொது நிர்வாகத்தில் முதுகலை நடத்துகின்றன. சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாடநூல்களோடு, ஆண்டுதோறும் துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது உங்கள் துறை சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பையும் படியுங்கள், தமிழிலேயே கிடைக்கிறது. உங்கள் துறையைப் பற்றிய தணிக்கை அறிக்கை ஏதேனும் இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு எழுதும் வாய்ப்பு இருந்தால், திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களையே தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம்: எந்தக் காரணத்துக்காக எத்தனை திரும்பின, அவற்றில் எத்தனை மறுபடி வந்தன, எத்தனை பேர் வராமலே போய்விட்டார்கள் என்பதை யாரேனும் உட்கார்ந்து எண்ண வேண்டும்.

உங்கள் தங்கைக்கு என் பதில் வேறு. அரசு வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பெருந்தொகையைக் கடனாக வாங்குவது சரியல்ல; அந்தப் பட்டத்துக்கும் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்கும் தொடர்பு இல்லை. ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் பணியாற்றும் விருப்பம் இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் பாடத்திட்டத்தில் புள்ளியியல், பொது நிதி, களப்பணி ஆகிய மூன்றும் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு, இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் உதவித்தொகையுடன் அரசுத் திட்டங்களில் பணியாற்ற வைக்கும் திட்டம் அது. அடுத்த அறிவிப்பு வரும்போது தகுதி விதிகளைக் கவனமாகப் படித்து முடிவு செய்யட்டும்.

உங்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. சேர்க்கைக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, உயர்கல்வி பயில அனுமதி கோரி உரிய வழியில் விண்ணப்பித்து, ஆணையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பட்டம் பெற்றதும் பணிப்பதிவேட்டில் பதிவு செய்ய அந்த ஆணையைக் கேட்பார்கள். அதற்கு முன்னால், நாளை அலுவலகம் போனதும் பாட்டியின் கோப்பை எடுத்து, நேரடி விசாரணைக்குப் பரிந்துரைத்துப் புதிய குறிப்பு ஒன்றை எழுதி வையுங்கள்.

அன்புடன்