கெலாமா குழம்பில் கரைவது ஏன்?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பாசாரில் கெலாமா வாங்கிக் குழம்பு வைத்தால் சதை கஞ்சிபோல் கரைந்துவிடுகிறது. கெலாமா என்றாலே அப்படித்தான் என்கிறார் மீன்காரர். போன வாரம் வாங்கிய ஒன்றின் வாயில் பைபோல ஏதோ பிதுங்கி நின்றது. பயந்து தூக்கி எறிந்துவிட்டேன். நல்ல மீனாக எப்படிப் பார்த்து வாங்குவது?"

மீன்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை, அம்மா. நம்மவர்கள் கத்தாளை என்று சொல்லும் இந்த மீனுக்கு வஞ்சிரம் எனும் தெங்கிரியைவிடச் சதை மிருதுதான். ஆனால் கஞ்சியாகக் கரைகிறது என்றால் ஐஸில் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம். கெலாமா முகத்துவாரத்திலும் கரையோரச் சேற்றிலும் தரையை ஒட்டி மேய்ந்து, இறாலும் புழுவும் தின்னும். இரை நிறைந்த வயிற்றோடு அது செத்தால், இரையைச் செரிக்க வேண்டிய நீர் அதன் வயிற்றையே அரிக்கத் தொடங்கும். நம் வெயிலில் சில மணி நேரம் போதும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். படகிலிருந்து மொத்தமாக வாங்கும் முதலாளியான தவுக்கே, தவுக்கேயிடமிருந்து லாரி, லாரியிலிருந்து கடை என்று கைமாறும் வழியில் அந்தப் பாடம் எங்கோ தொலைந்துபோகிறது. சோதனைக்கு வருகிறவர்கள் தராசைப் பார்க்கிறார்கள், விலைப்பலகையைப் பார்க்கிறார்கள். ஐஸ் எப்போது போட்டாய் என்று கேட்டவர் ஒருவரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

ஆகவே கேட்க வேண்டியவர் நீங்கள்தான். முழு மீனாக வாங்குங்கள். வயிற்றை விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் வேண்டாம். செவுளைத் தூக்கிப் பார்த்தால் மட்டும் போதாது, முகர்ந்தும் பாருங்கள். வேறு மீனின் இரத்தத்தைச் செவுளில் தடவிச் சிவப்பாக்குவதை நானே பார்த்திருக்கிறேன். நிறத்தை மாற்றலாம், நாற்றத்தை மறைக்க முடியாது. "சுத்தம் பண்ணியே வச்சிருக்கேன், அக்கா" என்று வயிறும் செவுளும் எடுத்த மீனை நீட்டினால் வாங்காதீர்கள். எதைப் பார்த்து மீனை மதிப்பிட வேண்டுமோ, அது இரண்டும் போய்விட்டது. கெலாமா இனத்துப் பெரிய மீனான தெங்கெரோங் என்றால் இன்னொரு நஷ்டமும் உண்டு. அதன் காற்றுப்பை காய்ந்தால் சீனர் கடைகளில் நல்ல விலைக்குப் போகும். உங்களுக்கு எடை போடுமுன் அதை ஒதுக்கிவிடுவார்கள்.

இப்போது நீங்கள் எறிந்த மீனுக்கு வருகிறேன், பலரும் இதே தவறைச் செய்கிறார்கள். வாயில் பிதுங்கி நின்றது நோயும் இல்லை, அழுகலும் இல்லை. கெலாமாவின் வயிற்றுக்குள் பெரிய காற்றுப்பை ஒன்று உண்டு. அதைத் தசையால் அதிரவைத்துத்தான் மீன் கொர் கொர் என்று சத்தமிடுகிறது. முன்பெல்லாம் திரெங்கானுப் பக்கம் மலாய் மீனவர்கள் தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டே கூட்டம் எங்கே என்று சொல்வார்கள். ஆழத்திலிருந்து வலையைச் சட்டென்று மேலே இழுக்கும்போது நீரின் அழுத்தம் குறைகிறது. பை ஊதிப் பெருத்து இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளுகிறது. அவ்வளவுதான். பிதுங்கியது வெளிறியோ சிவந்தோ இருந்து, வயிறு கெட்டியாக, செவுள் வாடையின்றி இருந்தால் தாராளமாக வாங்கலாம். பச்சை ஓடியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

தலையில் வெள்ளையாக இரண்டு கல் கிடைத்தாலும் பயம் வேண்டாம். அது மீனின் காதுக்கல், எல்லாக் கெலாமாவுக்கும் உண்டு. சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் மருந்து என்று அதைப் பொடித்து விற்க வருகிறவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பாசாருக்குப் போகும்போது ஐஸ் போட்ட பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிடுங்கள். வாடை இல்லாமல் சதை மட்டும் தளர்ந்திருந்தால் புளிக்குழம்பில் போடாமல், மஞ்சளும் உப்பும் தடவி அன்றைக்கே பொரித்துவிடுங்கள்.