ரத்தம் கொடுக்க முதல் கொஞ்சம் பேசுங்கள்

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறோம். எனக்கு வயது 38, இப்போது 11ஆவது வாரம். கணவர் என் சொந்த மாமா மகன். என் ரத்தத்தை எடுத்துப் பிள்ளையின் மரபணுவைப் பார்க்கலாம் என்கிறார்கள். 'அபாயம் குறைவு' என்று வந்தால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று நம்பலாமா?

பதில்: அப்படி நம்பிக் காசு கட்டாதீர்கள். நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ. துணுக்குகள் தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும். பத்தாவது வாரத்துக்குப் பிறகு பரிசோதிக்கப் போதிய அளவு கிடைக்கும். உங்களிடம் சொன்ன ரத்தப் பரிசோதனைக்கு என்.ஐ.பி.டி. என்று பெயர். அது அவற்றை எண்ணி, முக்கியமாக 21, 18, 13ஆம் குரோமோசோம்களில் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளில்) ஒன்று கூடுதலாக உள்ளதா என்று சொல்லும். 21 கூடினால் டவுன் சின்ட்ரோம், அதாவது பிள்ளையின் அறிவு, உடல் வளர்ச்சியைப் பாதிக்கும் நிலை.

சொந்தத்தில் கலியாணம் செய்தவர்களுக்குள்ள கவலை வேறு. அங்கே குரோமோசோம் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுப் பிழை பிள்ளையில் ஒன்றுசேர்வதுதான் பிரச்சினை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய் அப்படிப்பட்டது. வழக்கமான என்.ஐ.பி.டி. அதைக் காட்டாது. அது உங்களில் மறைந்திருக்கிறதா என்று அறிய, நீங்களும் கணவரும் முதலில் முழு ரத்த எண்ணிக்கை பாருங்கள். செலவு மிகக் குறைவு, உங்களுக்கு இதுதான் அவசரம்.

'அபாயம் அதிகம்' என்று வந்தாலும் அது முடிந்த முடிவு அல்ல. 38 வயதில் ஏறக்குறைய 180 பிள்ளைகளில் ஒன்றுக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும். 10,000 தாய்மாரை எடுத்தால் 55 அளவில். ஆயிரத்துக்கு ஒருவருக்குப் பிழையாக 'அபாயம் அதிகம்' என்று வரும் என்று வைத்தால், அந்தப் பத்தாயிரத்தில் பத்துப் பேருக்கு வீண் பயம். 25 வயதுத் தாய்மார் பத்தாயிரம் பேரில் உண்மையில் எட்டுப் பேர்தான், பிழையாக வருவதோ அதே பத்து! அதனால்தான் பனிக்குட நீர்ப் பரிசோதனை (பிள்ளையைச் சுற்றியுள்ள நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பது) செய்து உறுதிப்படுத்தாமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அதை 15ஆவது வாரத்துக்குப் பிறகு செய்வார்கள். அதனால் கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

சரி, உறுதியாகிவிட்டால் என்ன செய்வீர்கள்? நம் இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. ஆகவே இங்கே இந்தப் பரிசோதனையின் பெரும் பயன் முன்கூட்டியே ஆயத்தமாவதுதான். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பாதிப் பேரளவில் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். முன்பே தெரிந்தால், எங்கே பிரசவம், கொழும்புக்கு எப்போது போவது என்று திட்டமிடலாம். திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல் அல்லவா! சிலர் 'தெரியாமலே இருக்கட்டும்' என்பார்கள். அதுவும் மதிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் அதை மாமியாரோ ஆய்வுகூடமோ எடுக்கக் கூடாது, நீங்கள் இருவரும் எடுக்க வேண்டும்.

மரபியல் ஆலோசனை என்பது இதைப் பேசத்தான். எதைச் செய் என்று ஆலோசகர் சொல்லமாட்டார். ஒவ்வொரு முடிவும் வந்தால் அடுத்து என்ன என்று உங்களோடு இருந்து யோசிப்பார். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இந்த வசதி உண்டு. உங்கள் கிளினிக் டொக்டரிடம் கடிதம் கேளுங்கள். சொந்தத்தில் கலியாணம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டவுன் சின்ட்ரோம் போன்றவற்றின் அபாயத்தைக் கணிக்க உதவும், பிள்ளையின் கழுத்துப் பின்புற ஸ்கேனை 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதால், மிட்வைஃபிடம் இந்தக் கிழமையே பேசுங்கள்.