டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் நின்றால் வரிசைக் கோப்பை அழிக்க விடாதீர்கள்

கேள்வி: மைக்ரோசாஃப்ட்டின் மெயில் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2019 ஓடும் எங்கள் சர்வரில், ஸ்கேனரிலிருந்து மெயில் அனுப்புவதற்காக ஒரு ரிசீவ் கனெக்டரை (வரும் மெயிலை ஏற்கும் அமைப்பை) சேர்த்தோம். அடுத்த முறை சர்வரை ரீஸ்டார்ட் செய்தது முதல், மெயில்களைக் கொண்டுசேர்க்கும் டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் நின்றுபோகிறது. விநியோகத்துக்குக் காத்திருக்கும் மெயில்கள் இருக்கும் வரிசைக் கோப்பை அழிக்க வேண்டும், இல்லையேல் சர்வரையே புதிதாக நிறுவ வேண்டும் என்கிறார் பராமரிப்பு ஒப்பந்ததாரர். மெயில்கள் போய்விடுமா?

பதில்: வெளியிலிருந்து வரவேண்டிய மெயில்களைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். உங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் அவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். குறைந்தது 4 அல்லது 5 நாள்கள் முயல வேண்டும் என்பதே மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையின் அறிவுரை. உங்கள் வரிசையில் ஏற்கெனவே தங்கியவற்றுக்குத்தான் அவசரம், ஏனெனில் எக்ஸ்சேஞ்ச் இயல்பாக அவற்றுக்குத் தரும் கெடு 2 நாள்கள் மட்டுமே.

எது முதலில், எது பிறகு நடந்தது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், புதிய கனெக்டரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளி மெயிலை 25ஆம் போர்ட்டில் வாங்குவது ஃபிரண்ட்எண்ட் டிரான்ஸ்போர்ட் என்ற தனி சர்வீஸ். டிரான்ஸ்போர்ட் சர்வீஸ் அதனிடமிருந்து 2525ஆம் போர்ட்டில் பெற்றுக்கொள்கிறது. கனெக்டரை உருவாக்கும்போது ஹப் டிரான்ஸ்போர்ட் (அதாவது டிரான்ஸ்போர்ட் சர்வீஸ்) என்பதைத் தேர்ந்தெடுத்து, போர்ட் 25 என்று கொடுத்திருந்தால், இரண்டு சர்வீஸ்களும் ஒரே போர்ட்டுக்கு மோதிக்கொள்ளும். முந்திக்கொண்டது ஓடும், மற்றது நின்றுவிடும். இது 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே அறியப்பட்ட குழி. அந்தக் கனெக்டரை நீக்கிவிட்டு, ஃபிரண்ட்எண்ட் டிரான்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்து மறுபடி உருவாக்கி, இரண்டு சர்வீஸ்களையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒப்பந்ததாரர் விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சர்வீஸ் நின்ற நிமிடத்தில் பதிவான பிழையைக் காட்டினாரா என்று கேளுங்கள். காட்டாமலேயே மறுநிறுவல் பேசுபவர் உங்கள் சிக்கலைத் தீர்ப்பதைவிடப் பெரிய பில் போடுவதில்தான் குறியாக இருக்கிறார். இந்தப் பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதே என்பார். அது உண்மை, பதிப்பை மாற்றத்தான் வேண்டும், ஆனால் இன்று சர்வீஸ் நிற்பதற்கு அது காரணம் அன்று.

வரிசைக் கோப்பில் கை வைக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. அந்தக் கோப்பில் இருக்கும் வரிசைத் தரவுத்தளமே சிதைந்துவிட்டது என்று ஈவென்ட் பதிவு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெறும் ஊகம் போதாது. அப்போதும் அழிக்கக் கூடாது. சர்வீஸை நிறுத்தி, டிரான்ஸ்போர்ட்ரோல்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'கியூ' கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றிவிட்டுத் தொடங்கினால், எக்ஸ்சேஞ்ச் புதிய வரிசையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். மெயில்.கியூ என்ற பழைய கோப்பும் அதனுடன் இருக்கும் லாக் கோப்புகளும் அப்படியே இருப்பதால், விநியோகமாகாத மெயில்களைப் பிறகு மீட்க முயலலாம். அழித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஒப்பந்ததாரர் அந்தக் கோப்புறையைத் தொடுவதற்கு முன் அதன் நகலை வேறொரு டிஸ்கில் நீங்களே எடுத்து வையுங்கள்.